ஒரு பீப்பாய் விலையும் ஒரு வீட்டுக் கணக்கும்: அபர்டீன் நகரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் அபர்டீன் நகரில் 2014 முதல் 2019 வரை ஒரு தமிழ்க் குடும்பம் கடந்துவந்த காலம் இது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், நிறுவனம், தெரு எதையும் குறிப்பிடவில்லை. தொகைகளில் அடையாளம் தெரியாத அளவுக்குச் சிறு திருத்தம் உண்டு. கணக்கின் போக்கு மாறவில்லை.

அந்த ஆண்டுகளில், நகருக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு வரவு செலவு விஷயங்களில் கைகொடுக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் நான் இருந்தேன். வேலை ஒப்பந்தம், வீட்டுக் கடன் பத்திரம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை அவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம். குடிவரவு ஆலோசனை வழங்க பிரிட்டனில் சட்டப்படியான தகுதி வேண்டும். எனவே விசா தொடர்பான கேள்விகள் அனைத்தையும் வழக்கறிஞரிடம் அனுப்பினோம். அவர் சொன்ன பதிலை வைத்துத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நகரத்தின் இயல்பு

அபர்டீன் சுமார் 2.3 லட்சம் பேர் வாழும் நகரம். சாம்பல் நிறக் கிரானைட் கட்டடங்கள், மீன்பிடித் தொழில், காகித ஆலைகள், கப்பல் கட்டுதல் என்று வாழ்ந்துவந்த ஊரை 1970இல் நடந்த ஒரு கண்டுபிடிப்பு புரட்டிப்போட்டது. நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவில், வட கடலின் அடியில் ஃபோர்ட்டீஸ் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. 1975இல் அங்கிருந்து எண்ணெய் கரைக்கு வரத் தொடங்கியது. அதன்பின் இந்த நகரில் எதுவும் எண்ணெய்க்கு வெளியே நிற்கவில்லை. துறைமுகம் ஊரின் நடுவிலேயே இருப்பதால், கடைவீதியிலிருந்து சில நிமிடம் நடந்தால் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். டைஸ் பகுதியில் உள்ள விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் காலை முதல் மேடைகளுக்குப் பறக்கும். ஹேசில்ஹெட் பூங்காவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1988 ஜூலை 6 இரவு பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்து எரிந்ததில் 167 பேர் இறந்தார்கள். அவர்களுக்கான சின்னம் அது. எண்ணெய் கொடுத்ததையும் எடுத்துக்கொண்டதையும் இந்த ஊர் நன்றாக அறியும்.

குடும்பங்களின் கால அட்டவணையே மேடையின் முறைப்படி அமையும். இரண்டு வாரம் கடலில், இரண்டு அல்லது மூன்று வாரம் வீட்டில். பள்ளி விழாவுக்கு எந்தத் தந்தை வருவார், எவர் வரமாட்டார் என்பதை ஆசிரியர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். எண்ணெய்த் துறையின் சம்பளம் வாடகையை ஏற்றியது. ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாமல் ஆசிரியர்கள் இந்த ஊருக்கு வரத் தயங்கினார்கள். திங்கள் முதல் வியாழன் வரை விடுதிகளில் அறை கிடைக்காமல் இருந்தது. வார இறுதியில் அதே அறை பாதி விலைக்குக் கிடைத்தது. எண்ணெய் வேலையில் இல்லாதவரின் வாழ்க்கையையும் எண்ணெய்தான் வகுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

குடும்பம்

கணவர், கடல் மேடைகளின் பராமரிப்பு வேலைகளைத் திட்டமிடும் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் திட்ட அட்டவணைப் பொறியாளர். வேலை கொடுக்கும் நிறுவனம் பொறுப்பேற்றுத் தரும் ஸ்பான்சர் விசாவில் 2011 ஜூனில் வந்தார். மனைவியும் மூன்று வயது மகளும் 2012 தொடக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். மனைவி வணிகவியல் படித்தவர். விமான நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது.

ஸ்பான்சர் விசாவின் அப்போதைய அடிப்படை விதி எளிமையானது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அந்த விசாவில் வேலை செய்தால் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இடையில் வேலை போனால், வேறு ஸ்பான்சரைத் தேட 60 நாள் அவகாசம். அதற்குள் கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். இவர்களுக்கு ஐந்தாண்டு நிறைவடையும் மாதம் 2016 ஜூன்.

வீடு வாங்கிய முடிவு: 2014 வசந்தம்

இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டுக்கு மாதம் 1,050 பவுண்டு கொடுத்துவந்தார்கள். அதே அளவு வீட்டைக் கடனில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 790 பவுண்டு. இந்த வேறுபாட்டைப் பார்த்தபின் வாங்காமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் வாங்கினார்கள். உலகச் சந்தையில் விலைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் பிரென்ட் கச்சா எண்ணெய், பீப்பாய்க்குப் பெரும்பாலும் 100 டாலருக்கு மேல் மூன்று ஆண்டுகளாக நிலைத்து நின்றிருந்தது.

ஸ்காட்லாந்தில் வீடு விற்பவர் முதலில் ஹோம் ரிப்போர்ட் என்ற மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்க வேண்டும். வங்கி அந்த மதிப்பீட்டின் மீதுதான் கடன் கொடுக்கும். சந்தை சூடாக இருக்கும்போது வாங்க வருபவர்கள் மதிப்பீட்டுக்கு மேலேயே விலை கேட்பார்கள். மேலே கேட்ட தொகை முழுவதும் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். இவர்கள் வாங்கிய வீட்டின் மதிப்பீடு 1,80,000 பவுண்டு. இரண்டு வீடுகளை மற்றவர்களிடம் இழந்த பிறகு, மூன்றாவதற்கு 1,95,000 கேட்டார்கள், கிடைத்தது. மதிப்பீட்டில் 15 சதவீத முன்பணம் 27,000, மேல் விலை 15,000. ஆக 42,000 பவுண்டு ரொக்கமாகப் போனது. கடன் 1,53,000. கையில் மிஞ்சியது மூன்று மாதச் செலவுக்கும் குறைவு.

முட்டாள்தனமான முடிவு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவணை வாடகையைவிடக் குறைவு, இருவருக்கும் வேலை, நிரந்தர உரிமைக்கு இன்னும் இரண்டே ஆண்டுகள். அவர்கள் கண்ணுக்குத் தப்பியது ஒன்றுதான். கணவரின் சம்பளம், மனைவியின் சம்பளம், வீட்டின் விலை, நாட்டில் தங்கும் உரிமை ஆகிய நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. நான்கு ஆதாரங்கள் இருப்பதாக நினைத்தார்கள். உண்மையில் இருந்தது ஒன்று.

அறிகுறி முதலில் தெரிந்த இடம்

2014 ஜூனில் பிரென்ட் 115 டாலரைத் தொட்டது. பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் அமெரிக்காவின் ஷேல் எண்ணெய் சந்தையில் பெருகிக்கொண்டிருந்தது. நவம்பர் 27 அன்று கூடிய, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் நாடுகள் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தன. 2015 ஜனவரியில் விலை 50 டாலருக்குக் கீழே வந்துவிட்டது.

கணவரின் அலுவலகத்தில் இதைப் பற்றிப் பெரிய கவலை இருக்கவில்லை. இது போலப் பலமுறை பார்த்துவிட்டோம், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். சரிவை முதலில் பார்த்தவர் மனைவி. அவர் பார்த்த இடம் விடுதியின் விடியற்காலை உணவுப் பட்டியல். மேடைக்குப் பறப்பவர்கள் அதிகாலையிலேயே ஹெலிகாப்டர் தளத்தில் பதிய வேண்டும் என்பதால், அவர்களுக்காக விடுதி நான்கு மணிக்கே சமையலறையைத் திறந்துவைத்திருந்தது. நிறுவனம் வாரியாக எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற பட்டியல் பில் போடுவதற்காகக் கணக்குப் பிரிவுக்கு வரும். முன்பு இரண்டு பக்கம் நிறைந்து வந்த பட்டியல், 2014 குளிர்காலத்தில் ஒரு பக்கத்தில் அடங்கியது. எண்ணிக்கை குறைந்தது மட்டுமல்ல, சில நிறுவனங்களின் பெயரே வரவில்லை.

“உங்கள் ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. விடுமுறைக்குப் பிறகு வருவார்கள் என்று பார்த்தேன், வரவில்லை” என்று அவர் கணவரிடம் சொன்னாராம். “அது தோண்டும் வேலை. எங்களுடையது பராமரிப்பு, அது நிற்காது” என்று கணவர் பதில் சொன்னார். பராமரிப்பு நிற்காது என்பது உண்மைதான். ஆனால் தள்ளிவைக்கலாம், தள்ளித்தான் வைத்தார்கள்.

2015 தொடக்கத்தில் மனைவியின் வேலை வாரம் ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைந்தது. நவம்பரில் முழுவதுமாகப் போனது. அதே ஆண்டில் கணவரின் ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டது. சம்பள உயர்வு இல்லை. ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தவர்களின் நாள் கூலி வெட்டப்பட்டது. மேடைகளில் மூன்று வாரம் கடல், மூன்று வாரம் வீடு என்ற முறை பரவியது. ஆண்டின் மொத்த வேலையைக் குறைவான ஆட்களைக் கொண்டு முடிக்கும் ஏற்பாடு அது.

2016 ஜனவரி: குழுவிடம் வந்தது

பிரென்ட் 30 டாலருக்கும் கீழே போன மாதத்தில் நிறுவனம் ஆட்குறைப்புக் கலந்தாய்வை அறிவித்தது. நூறு பேரையோ அதற்கு மேலோ நீக்குவதாக இருந்தால், முதல் நீக்கத்துக்கு முன் குறைந்தது 45 நாள் கலந்தாய்வு நடத்த வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம். ஊழியர்கள் முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. தாமாக விலகுபவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம். தொடர்பவர்களுக்கு 10 சதவீதச் சம்பளக் குறைப்பு, பின்னர் மேலும் குறைப்பு வரலாம், நீக்கப்படவும் கூடும்.

கணவரின் ஆண்டுச் சம்பளம் 42,000 பவுண்டு. விலகினால் 21,000 கிடைக்கும். ஆட்குறைப்பு இழப்பீட்டில் முதல் 30,000 பவுண்டுக்கு வருமான வரி இல்லை என்பதால் முழுத் தொகையும் கைக்கு வரும். சேமிப்பு கரைந்துபோயிருந்த வீட்டில் இந்தத் தொகை எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்களிடம் வந்தபோது, விலகல் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடாமல் கொண்டுவந்திருந்தார்.

நாங்கள் கடன் விவரத்தைக் கேட்கத் தொடங்கினோம். மனைவி இடைமறித்தார். “அண்ணா, கடனைப் பிறகு பார்க்கலாம். ஜூன் வரை இவர் வேலையில் இருப்பாரா என்பதை முதலில் பாருங்கள். ஏப்ரலில் ஒரு புது விதி வருகிறது.” அவர் கையில் அச்சிட்ட தாள் இருந்தது. 2016 ஏப்ரல் 6 முதல், 2011 ஏப்ரல் 6க்குப் பிறகு இந்த வகை விசாவில் வந்தவர்கள் நிரந்தர உரிமை கேட்கும்போது ஆண்டுக்கு 35,000 பவுண்டாவது சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்த வேலைகளுக்கு விலக்கு உண்டு; கணவரின் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. வழக்கறிஞர் அதை உறுதிப்படுத்தினார்.

முதல் 10 சதவீதக் குறைப்புக்குப் பின் சம்பளம் 37,800. இரண்டாவது 10 சதவீதமும் வந்தால் 34,020. எல்லைக் கோட்டுக்கு 980 பவுண்டு கீழே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, விலகல் தொகையை ஏற்காமல் இருப்பது. கணவருக்கு இது எளிதாக இருக்கவில்லை. நகரம் முழுவதும் வேலை தேடுபவர்களால் நிறைந்திருந்த நேரத்தில், 60 நாளில் புது ஸ்பான்சர் கிடைக்க வழியில்லை என்று நாங்கள் கணித்தோம். கிடைக்காவிட்டால் நான்கரை ஆண்டுக் காத்திருப்பு வீணாகும். வெளிநாட்டிலிருந்துகொண்டு, விழுந்துகொண்டிருக்கும் சந்தையில் வீட்டை விற்க வேண்டியிருக்கும். 21,000 பவுண்டும் அந்த விற்பனையின் நஷ்டத்தை ஈடுகட்டவே போய்விடும். நிரந்தர உரிமை கிடைத்துவிட்டால், எண்ணெய்க்கு வெளியே, வேறு ஊரில், எந்த ஸ்பான்சரும் இல்லாமல் வேலை தேடலாம். கயிற்றிலிருந்து முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு அதுதான் என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இரண்டாவது, மனைவி எண்ணெயோடு தொடர்பில்லாத வேலைக்குப் போவது. கணவரின் விசாவில் வந்தவருக்கு ஏறக்குறைய எந்த வேலையும் செய்யும் உரிமை இருந்தது. மார்ச் மாதம் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் தற்காலிகப் பணியில் சேர்ந்தார். விடுதியில் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம்தான். ஆனால் அந்தச் சம்பளம் அரசின் பணத்திலிருந்து வந்தது. பிரென்ட் விலையைப் பார்த்து யாரும் அதைக் குறைக்கப்போவதில்லை.

மூன்றாவது, இரண்டாவது குறைப்பு வந்தால் என்ன கேட்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது. ஏப்ரலில் அந்த அறிவிப்பு வந்தேவிட்டது. நிறுவனத்துக்குத் தேவை, அவரால் ஆண்டுக்கு 3,780 பவுண்டு மிச்சமாவது. அது சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே என்பது எங்கள் வாதம். சம்பளத்தில் 2,600 குறைத்து 35,200இல் நிறுத்துங்கள். ஆண்டுக்கு 1,200 பவுண்டு கார் படியை விட்டுக்கொடுக்கிறேன். மொத்தம் 3,800, நீங்கள் கேட்டதைவிட 20 பவுண்டு கூடுதல் என்று ஒரே பக்கக் கடிதம் எழுதினார்.

மனிதவளத் துறை முதலில் மறுத்தது. ஒருவருக்கு ஒரு விதி என்று வைக்க முடியாது என்றார்கள். அவருடைய மேலாளர், ஸ்காட்லாந்துக்காரர், 1986 விலைச் சரிவில் தானே வேலை இழந்தவர், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினார். இரண்டு வாரத்தில் ஒப்புதல் வந்தது. இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்ததும், அதே நிலையில் இருந்த வேறு இரண்டு ஊழியர்களும் அதே ஏற்பாட்டைக் கேட்டுப் பெற்றார்கள்.

கடிதத்தில் ஒரு வாக்கியம்

விண்ணப்பத்தோடு நிறுவனத்தின் கடிதம் ஒன்று வேண்டும். எதிர்வரும் காலத்திலும் இவர் எங்களுக்குத் தேவைப்படுவார் என்று அதில் நிறுவனம் உறுதி சொல்ல வேண்டும். ஆட்குறைப்பு நடந்துகொண்டிருக்கும் அலுவலகத்தில் இந்த வாக்கியத்துக்குக் கீழே யார் கையெழுத்துப் போடுவார்? மனிதவள அதிகாரி முதலில் அனுப்பிய வரைவில் அந்த வாக்கியமே இல்லை. தற்போது பணியில் இருக்கிறார் என்று மட்டும் இருந்தது. அதை அப்படியே அனுப்பினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று வழக்கறிஞர் எச்சரித்தார்.

இந்த இடத்தில் நாங்கள் எச்சரிக்கையாக இருந்தோம். பொய் எழுதச் சொல்லக் கூடாது. அவர் பெயர் நீக்கப் பட்டியலில் இருந்திருந்தால், அந்தக் கடிதத்தைக் கேட்பதே தவறு. எனவே மேலாளரிடம் நேரடியாகக் கேட்கச் சொன்னோம்: அடுத்த ஆண்டு மேடையை நிறுத்திப் பராமரிப்பதற்கான திட்டத்தில் என் பெயர் இருக்கிறதா? இருந்தது. 2017 கோடைக்கான ஒரு மேடையின் அட்டவணை அவர் பொறுப்பில் போடப்பட்டிருந்தது. அந்தத் திட்ட ஆவணத்தைச் சுட்டிக்காட்டியபின் அதிகாரி வாக்கியத்தைச் சேர்த்தார். எழுதிய நாளில் அது உண்மை.

ஐந்தாண்டு நிறைவுக்கு 28 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முதல் வாரத்திலேயே அனுப்பினார்கள். அப்போது கட்டணம் ஒருவருக்கு 1,875 பவுண்டு, மூவருக்கும் 5,625. கையில் அவ்வளவு இல்லை. பாதியை நண்பர்கள் இருவர் கடனாகக் கொடுத்தார்கள். ஆகஸ்ட்டில் மூவருக்கும் உரிமை வந்தது.

உரிமை வந்தது, வேலை போனது

செப்டம்பரில் 2017 கோடைத் திட்டம் கைவிடப்பட்டது. மேடையின் உரிமையாளர் பராமரிப்பு நிறுத்தத்தை ஓர் ஆண்டு தள்ளிவைத்துவிட்டார். இந்த முறை தாமாக விலகும் திட்டம் இல்லை. சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகை மட்டும். ஐந்து முழு ஆண்டுப் பணி, அவர் வயதுக்கு ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம், வாரத்துக்கு உச்சவரம்பு 479 பவுண்டு. மொத்தம் 2,395. ஜனவரியில் கிடைத்திருக்கக்கூடிய 21,000உடன் ஒப்பிட்டால் 18,605 பவுண்டு குறைவு. இடைப்பட்ட மாதங்களில் சம்பளம் வந்தது உண்மைதான். இருந்தாலும் அந்த வித்தியாசம் கணவரை நீண்ட நாள் உறுத்தியது. அந்தத் தொகையைக் கொடுத்து எதை வாங்கினார் என்பது அடுத்த ஐந்து மாதங்களில்தான் அவருக்கே தெளிவானது.

டிசம்பரில் அறிவிப்புக் காலம் முடிந்தது. அந்த ஆண்டு பிரிட்டன் முழுவதும் எண்ணெய், எரிவாயுத் துறையைச் சார்ந்த வேலைகள் 2014இல் இருந்த சுமார் 4.5 லட்சத்திலிருந்து 3.3 லட்சமாகக் குறையும் என்று தொழில்துறை அமைப்பே மதிப்பிட்டிருந்தது. அபர்டீனில் வேலை தேடுவதில் பொருள் இல்லை. அவருடைய சுயவிவரக் குறிப்பை எடுத்துப் பார்த்தோம். முதல் பக்கம் முழுவதும் எண்ணெய்த் துறையினருக்கு மட்டுமே புரியும் சொற்கள். ரயில்வேயிலோ மின்நிலையத்திலோ ஆள் எடுப்பவர் அதைப் படித்தால், இவர் நமக்கு உரியவர் அல்ல என்று ஒதுக்கிவிடுவார். உண்மையில் அவர் செய்த வேலை என்ன? ஒரு பெரிய ஆலையை ஐந்து வாரம் நிறுத்தி, ஆயிரக்கணக்கான சிறு வேலைகளை ஒன்றோடொன்று இடிக்காமல் வரிசைப்படுத்தி, குறித்த நாளில் மீண்டும் இயக்கவைப்பது. பிரைமவேரா மென்பொருளில் அட்டவணை போடுவது. இந்த இரண்டையும் முதல் வரிக்குக் கொண்டுவந்து, மேடைகளின் பெயர்களை அடுத்த பக்கத்துக்குத் தள்ளினோம்.

2017 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தென்மேற்கில் ஓர் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் வேலை கிடைத்தது. ஸ்பான்சர் வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று பதில் எழுத முடிந்ததே அந்த வேலைக்கு வழிவிட்டது. கேட்டிருந்தால் அந்த ஒப்பந்ததாரர் எடுத்திருக்கமாட்டார் என்று பின்னர் தெரிந்துகொண்டோம். மகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை மனைவி அபர்டீனிலேயே மருத்துவமனை வேலையில் இருந்தார். கோடையில் குடும்பம் தெற்கே போய்ச் சேர்ந்தது.

வீடு

வீட்டின் கதை இவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. 2016 இலையுதிர் காலத்தில் அதே கட்டடத்தின் மேல்மாடி வீடு 1,50,000 பவுண்டுக்கு விற்றது. இவர்கள் கடனில் அப்போது ஏறக்குறைய 1,45,000 மீதம் இருந்தது. அன்றே விற்றிருந்தால் செலவு போகச் சிறு தொகை மிஞ்சியிருக்கும். விலை திரும்பும் என்று கணவர் நம்பினார். 1986க்குப் பிறகு திரும்பியது, 1998க்குப் பிறகு திரும்பியது என்று நகரில் எல்லோரும் சொன்னார்கள். குழுவில் எங்களில் சிலருக்கு அந்த நம்பிக்கை இல்லை. முந்தைய சரிவுகளில் வட கடல் இளமையாக இருந்தது. இப்போது அதன் உற்பத்தி உச்சத்தைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தாலும் வீடு அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது.

வங்கியின் அனுமதி பெற்று, வாடகைக்கு விடும் உரிமையாளராகப் பதிவு செய்து, வாடகைக்கு விட்டார்கள். 2014இல் 1,050 கொடுத்து அவர்கள் குடியிருந்த அளவுள்ள வீட்டுக்கு இப்போது 675 பவுண்டுதான் கிடைத்தது. நகரைவிட்டு எத்தனை குடும்பங்கள் போயிருந்தன என்பதை அந்த வாடகையே சொன்னது. தவணைக்கு மாதம் 115 பவுண்டு கையிலிருந்து போட வேண்டியிருந்தது. இடையில் இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தது. பிரென்ட் 2018இல் 80 டாலரைத் தொட்டபோதுகூட வீட்டு விலை அசையவில்லை. நிறுவனங்கள் குறைந்த ஆட்களோடு வேலை செய்யப் பழகிவிட்டன. எண்ணெய் விலை ஏறினாலும் ஆட்கள் திரும்பவில்லை. பழைய சுழற்சி அறுந்துபோனது அந்த ஆண்டில்தான் உறுதியானது என்று நான் நினைக்கிறேன்.

2019இல் 1,36,000 பவுண்டுக்கு விற்றார்கள். கடன் மீதம் சுமார் 1,33,000. வழக்கறிஞர் கட்டணமும் விற்பனைச் செலவும் போனபின் கைக்கு ஏதும் வரவில்லை, கையிலிருந்தும் ஏதும் போகவில்லை. 2014இல் போட்ட 42,000 முழுவதும் போனது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வீடு வாங்கியதைவிட, மதிப்பீட்டுக்கு மேல் கொடுத்த 15,000 பவுண்டுதான் இந்தக் குடும்பத்தை நெருக்கியது. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால், 2016 ஜனவரியில் விலகல் படிவம் அவ்வளவு தூரம் நிரப்பப்பட்டிருக்காது. விண்ணப்பக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருந்திருக்காது. ஒரே தொழிலை நம்பிய நகரில், ஸ்பான்சர் விசாவில் இருப்பவர் வீடு வாங்குவதை நிரந்தர உரிமை வரும்வரை தள்ளிவைப்பதே மேல். வாடகை அதிகமாக இருந்தாலும் அப்படித்தான். மாதம் 260 பவுண்டு கூடுதல் என்று வைத்தால் இரண்டு ஆண்டில் 6,240. அது பெரிய தொகைதான், ஆனால் 42,000 அல்ல.

மனைவி விடுதிப் பட்டியலில் பார்த்ததை ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டிருந்தால் ஓராண்டு கிடைத்திருக்கும். வேலை தேடுவது, சுயவிவரத்தை மாற்றி எழுதுவது, மருத்துவமனை வேலைக்கு முயல்வது எல்லாவற்றையும் 2015இலேயே தொடங்கியிருக்கலாம். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களிடம் சொல்வதற்கு முன்பே அறை முன்பதிவையும் ஹெலிகாப்டர் இருக்கையையும் குறைத்துவிடுகின்றன. விடுதி, டாக்சி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் இதை முதலில் பார்க்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டில் அவர்கள் சொல் எடுபடுவதில்லை. அந்த வாய்ப்பு இந்தக் குடும்பத்தில் கைநழுவியதை எழுதும்போதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குழு தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. வருபவர்களிடம் முதலில் கேட்பது கடன் எவ்வளவு என்பதை அல்ல. விசாவின் நிலை என்ன, நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கும் தேதி எது, அன்று சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பவை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன. வருமானத்தை இருவரின் பெயரில் எழுதாமல், அந்தப் பணம் எந்தத் தொழிலிலிருந்து புறப்பட்டு வருகிறது என்று கேட்டு எழுதுகிறோம். விடுதிச் சம்பளத்தை எண்ணெய் என்ற பத்தியிலேயே போடுகிறோம்.

2022 மே மாதம் பிரிட்டன் அரசு எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் லாபத்துக்குக் கூடுதல் வரி விதித்தது. 2024 நவம்பரில் அது 38 சதவீதமாகி, அந்த நிறுவனங்கள் கட்டும் மொத்த வரி விகிதம் 78 சதவீதத்தை எட்டியது. கடலில் காற்றாலைகள் எழுகின்றன. பழைய மேடைகளைப் பிரித்தெடுப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. குழுவின் படிவத்தில் காற்றாலைக்கு என்று தனிப் பத்தி சேர்த்திருக்கிறார்கள். இதுவரை அந்தப் பத்தியில் எழுதப்பட்ட சம்பளங்கள், எண்ணெய்ப் பத்தியில் இருப்பவற்றைவிடக் குறைவாகவே இருக்கின்றன.